ஒரு இன்ச் விட்டு

அண்ணியின் ஜீப்புக்குப் புது டயர் போட்டது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமைக்குள் அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒன்றையே சொன்னார்கள்: "அப்பா செருப்பப் போட்டுக்கிட்ட பிள்ள மாதிரி இருக்கு."

சேற்றைக் கவ்விப் பிடிப்பதற்கென்றே வார்த்த டயர். ஒவ்வொரு பல்லும் கட்டைவிரல் கனம். நின்ற இடத்தில் வண்டி கம்பீரமாகத்தான் நின்றது. நகர்ந்தால்தான் வம்பு. ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் ஒடித்தாலும் முன்சக்கரம் மட்கார்டின் விளிம்பில் போய் உரசி, தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவரைப் போல 'கர்ர்ர்' என்றது. நேராக மட்டுமே போகத் தெரிந்த ஜீப்பை வைத்துக்கொண்டு எந்த மலைக்கு ஏறுவது?

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் 'கர்ர்ர்' டிங்கரின் பட்டறை வாசலில் வந்து நின்றது. பட்டறைக்கும் பக்கத்துத் தையல் கடைக்கும் நடுவில் இருந்தது ஒரு தகரச் சுவர்தான். அந்தப் பக்கம் சுத்தியல் விழுந்தால் இந்தப் பக்கம் ஊசி டப்பா குதிக்கும். இந்தப் பக்கம் மெஷின் ஓடினால் அந்தப் பக்கம் டிங்கர் அதற்கேற்ற தாளத்தில் தட்டுவார். தையல்காரி அவரை 'டிங்கரண்ணே' என்பாள், அவர் அவளை 'டெய்லரக்கா' என்பார். இரண்டு பேருக்கும் ஒரே வயது. யார் மூத்தவர் என்ற பழியை ஒருவர் தலையில் ஒருவர் கட்டிவிட்டுச் சந்தோஷமாக இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தையல் கடைக்கு விடுமுறை. மிச்சம் இருந்த பட்டன் வேலையை முடித்துவிடலாம் என்று வந்து உட்கார்ந்த தையல்காரி, அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஊசியைத் தலையணை மாதிரி இருந்த பஞ்சுப் பொதியில் குத்திவிட்டு நிமிர்ந்தாள். அண்ணி வந்துவிட்டாள்.

அண்ணி அவள் கணவனுக்கு அக்கா. மாட்டு டாக்டர். ஐம்பத்துநான்கு வயது, உரத்த குரல், அகன்ற தோள். திங்கட்கிழமை தோறும் தடுப்பூசிப் பெட்டியும் மருந்துமாக மேட்டுப் பகுதியில் இருக்கிற பதினொரு கொட்டகைகளுக்கும் போய்வருவது அவள் வேலை. பதினெட்டு வருஷமாகப் போகிறாள். போன மழையில் பாதை கரைந்து, ஜீப் சேற்றில் அச்சு வரை இறங்கிவிட்டது. வைத்தியம் பார்க்க வேண்டிய மாடுகளே கயிறு கட்டி டாக்டரை இழுத்துக் கரைசேர்த்தன. கதை ஊர் சிரிக்க அலுவலகத்துக்கும் போயிற்று. மேலதிகாரி தன்மையாகத்தான் சொன்னார்: வரும் திங்கட்கிழமை வண்டி ஒழுங்காக ஏறவில்லையென்றால் அந்தச் சுற்று புதிதாக வந்திருக்கும் டாக்டருக்குப் போகும். அண்ணிக்கு அலுவலகத்திலேயே ஒரு நாற்காலி போட்டுவிடுவார்கள்.

"நாற்காலிக்கு நாலு கால் இருக்கு. ஒண்ணாவது நடக்குதா?" என்று கேட்டுவிட்டு வந்துதான் அண்ணி இந்த டயரை வாங்கினாள்.

தையல்காரி கழுத்தில் தொங்கிய டேப்பைக் கூடக் கழற்றாமல் பட்டறைக்குள் எட்டிப்பார்த்தபோது வாக்குவாதம் பாதியில் இருந்தது.

"மட்கார்ட வெட்டறது என் வேல டாக்டரம்மா. கோடு போடறது என் வேல இல்ல," என்றார் டிங்கர்.

"இது என்ன புதுசா இருக்கு? டாக்டர் ஊசி போடுவேன், ஆனா எங்க போடணும்னு மாடுதான் சொல்லணும்னு சொல்ற மாதிரி."

"சிரிக்காதீங்க. போன வருஷம் ஒருத்தர் இடது பக்கம் வெட்டுன்னாரு. வெட்டினேன். அவரு வண்டிக்கு எதுக்க நின்னுக்கிட்டு அவரோட இடதச் சொல்லியிருக்காரு. ஆறு மாசம் என்ன எங்க பாத்தாலும் 'உனக்கு இடது வலது தெரியுமா'ன்னு நிக்க வச்சுக் கேட்டாரு. அன்னிக்கு முடிவு பண்ணேன். கோடு போட்டுக் குடுத்தா அது மேல கத்தி வைப்பேன். கோடு என் தலையில விழாது."

சொன்னாரே தவிர, அவரும் முயன்று பார்த்திருந்தார். பெயிண்ட் டப்பா மூடியை வைத்து ஒரு வளைவு, ஆணியில் கயிறு கட்டி ஒரு வளைவு, கண்மட்டத்துக்கு ஒரு வளைவு. மட்கார்டு முழுக்கப் பென்சில் கோடுகள், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத சொந்தக்காரர்கள் மாதிரி.

"டப்பா மூடி வட்டம்ணே. இது வட்டம் இல்ல," என்று தையல்காரி வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். "இது கைக்குழி. மேல ஒரு வளைவு, முன்னால ஒரு வளைவு. சட்டைல கை சேர்ற இடம் மாதிரி."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன வார்த்தை சொன்னோம் என்பது உறைத்தது.

அண்ணி திரும்பினாள். இடுப்பில் கை வைத்தாள். முகம் மலர்ந்தது. "ஏய் டர்ரு! நீயா கைக்குழி பத்திப் பேசற?"

தையல்காரி உடனே சிரித்தாள். அது அவள் பழக்கம். யாரும் சிரிப்பதற்கு முன்னால் தானே சிரித்துவிட்டால் பாதிப் பங்கு தனக்கு வந்துவிடும் என்று அவள் ஒரு காலத்தில் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

'டர்ரு' என்ற பெயருக்கு இருபத்தோரு வயது. அவள் கல்யாணமாகி வந்த மூன்றாவது மாதம் அண்ணிக்கு வேலை கிடைத்தது. பதவி ஏற்கும் நாளுக்குப் போட்டுக்கொள்ள ஒரு கோட்டு தைத்துத் தரச் சொன்னாள். புது நாத்தனாருக்குச் செய்யும் முதல் காரியம் என்று, ராப்பகல் பாராமல் இவள் தைத்தாள். மேடையில் வரிசையாக நின்று, உறுதிமொழிக்காக எல்லோரும் வலது கையைத் தூக்கினார்கள். அண்ணியும் தூக்கினாள். 'டர்' என்றது. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது என்றும், ஒலிபெருக்கியிலேயே வந்தது என்றும் வருஷத்துக்கு வருஷம் கதை வளர்ந்துகொண்டே போனது. வீட்டில் இன்றைக்கும் காகித உறை கிழிந்தால் கூட, "யாரு தைச்சது?" என்பார்கள்.

யாருக்கும் வன்மம் கிடையாது. அண்ணி அவளுக்குக் காய்ச்சல் என்றால் முதல் ஆளாக வந்து நிற்பாள். ஆனால் அந்தக் கோட்டுக்குப் பிறகு ஒரு துண்டுத் துணிகூட அவளிடம் தைக்கக் கொடுத்ததில்லை. எல்லாம் கடையில் வாங்கினது. தோளில் இறங்கியும் கையில் நீண்டும் தொங்கும் அந்தச் சட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் தையல்காரியின் விரல் நுனி அரிக்கும். கிண்டலையாவது எதிர்க் கிண்டலால் சமாளிக்கலாம். கேட்காத ஒன்றுக்கு என்ன பதில் சொல்வது? இந்த இருபத்தோரு வருஷத்தில் அவள் தைத்த கைக்குழி இறுக்குகிறது என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை. நாலு தெரு தள்ளியிருந்துகூட அதற்காகவே வருகிறார்கள். அது அண்ணிக்குத் தெரியுமா என்பது அவளுக்குத் தெரியாது.

"நான் கோடு போட்டுத் தரேன் அண்ணி," என்றாள்.

சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. துணி கெட்டால் வேறு துணி வாங்கலாம். இது தகடு. நாளைக்குத் திங்கட்கிழமை. இந்தக் கோடு பிசகினால் அண்ணிக்கு மலை போய் நாற்காலி வரும். 'டர்ரு' என்ற பெயர் இன்னொரு தலைமுறைக்குப் பட்டா போட்டுக் கொடுத்தது போல ஆகிவிடும்.

அண்ணி அவளைப் பார்த்தாள், டிங்கரின் பென்சில் கிறுக்கல்களைப் பார்த்தாள். வேறு வழி ஏதாவது வானத்திலிருந்து இறங்குகிறதா என்று கூரையையும் ஒருமுறை பார்த்தாள்.

"சரி, போடு. வண்டிக்கு வெக்கம் கிடையாது. கிழிஞ்சாலும் மேடையில நிக்கப்போறதில்ல."

கடையிலிருந்து பழுப்புக் காகிதச் சுருள், சாக்குக்கட்டி, கத்தரிக்கோல் எல்லாம் வந்தன. தையல்காரி சக்கரத்துக்கு முன் மண்டியிட்டு உட்கார்ந்தாள். ரப்பர் வாசனை, எண்ணெய் வாசனை. உட்கார்ந்ததும் கை தானாக டேப்பைத் தேடியது. அவளுக்கு எப்போதும் அப்படித்தான். பயமெல்லாம் அளவெடுக்கும் வரைக்கும்தான்.

"முதல்ல கையத் தூக்கணும்," என்றாள்.

"யாரு கைய?"

"வண்டியோட கைய. சும்மா நிக்கும்போது அளந்தா சும்மா நிக்கத்தான் சரியா இருக்கும். மேடு பள்ளத்துல சக்கரம் மேல ஏறுமில்ல? அப்ப எங்க இடிக்குதுன்னு பாக்கணும்."

டிங்கரின் புருவம் உயர்ந்தது. போய் மரக்கட்டைகளை உருட்டிக்கொண்டு வந்தார். இடது முன்சக்கரத்தை மட்டும் கட்டைமேல் ஏற்றினார்கள். சக்கரம் மட்கார்டுக்குள் புகுந்து முட்டிக்கொண்டு நின்றது. தையல்காரி சாக்குக்கட்டியைப் பொடித்து டயரின் பல்லில் எல்லாம் பூசினாள். "இப்ப ஒடிங்க அண்ணி. மெதுவா. முழுசா இந்தப் பக்கம். முழுசா அந்தப் பக்கம்."

கர்ர்ர். கர்ர்ர். சக்கரம் திரும்பியபோது தகட்டில் எங்கெல்லாம் உரசியதோ அங்கெல்லாம் வெள்ளையாக அச்சு விழுந்தது. டப்பா மூடிக்கும் கயிற்றுக்கும் அடங்காத வளைவு, தானே வந்து கோடு போட்டுவிட்டுப் போன மாதிரி.

"அடேங்கப்பா," என்றார் டிங்கர். "இது எனக்குத் தோணலையே."

"வலது பக்கத்துக்கு இதே பேப்பரத் திருப்பிப் போட்டுடலாமில்ல?" என்று அண்ணி ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"யாருக்கும் ரெண்டு தோளும் ஒண்ணா இருக்காது அண்ணி."

அது உண்மையாகவே இருந்தது. வலது பக்கம் அரை இன்ச் இறங்கியிருந்தது. எந்தக் காலத்திலோ ஒரு காளை முட்டியது என்று அண்ணி ஒப்புக்கொண்டாள். "அது பேர்ல தப்பு இல்ல. ஊசி போட்டுட்டு அதுக்கு முதுகக் காட்டினது நான்தான்."

இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் காகிதம். உரசல் அச்சுக்கு அப்பால் ஒரு இன்ச் லூஸ் வைத்து தையல்காரி வளைவு போட்டாள். லூஸ் வைக்காமல் எதையும் போட அவள் கை இப்போது சம்மதிக்காது. அந்தச் சமயத்தில்தான், கட்டிங் மெஷினுக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்த டிங்கர் தலையைத் தூக்காமலே சொன்னார்:

"டெய்லரக்கா, ஒரு இன்ச் விட்டுப் போடுங்க. மறந்துடாதீங்க."

"தெரியும்ணே. இத சொல்லித்தான் தெரியணுமா?"

தையல்காரி சிரித்துக்கொண்டே ஒரு இன்ச் விட்டு இன்னொரு கோடு போட்டாள். அதன் மேல் கத்தரித்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. காகிதத்தை ஒட்டி, கோட்டைத் தகட்டில் இறக்கி, டிங்கர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மெஷின் அலறியது. பொறி பறந்தது. அண்ணி காதைப் பொத்திக்கொண்டாள். நடுவில் தையல்காரியின் கணவன் வாசல் வரைக்கும் வந்தான். உள்ளே அக்காவும் பெண்டாட்டியும் ஒரே இடத்தில், பக்கத்தில் ஒரு கத்தரிக்கோல். "நான் வரவே இல்லன்னு வச்சுக்குங்க," என்று வந்த வழியே போய்விட்டான். இரண்டு பிறைத் துண்டுகள் தரையில் விழுந்து கணீரென்றன. அவசரத்தில் இடையில் ஒருமுறை வைத்துப் பார்ப்போம் என்று யாருக்கும் தோன்றவில்லை. இரண்டையும் வெட்டி முடித்துவிட்டுத்தான் திரும்பவும் கட்டைமேல் ஏற்றினார்கள்.

அண்ணி ஸ்டீயரிங்கை ஒடித்தாள்.

கிர்ர்.

முன்னே 'கர்ர்ர்' என்றது இப்போது 'கிர்ர்' என்றது. அவ்வளவுதான் வித்தியாசம்.

டிங்கர்தான் முதலில் கையை விரித்தார். "நான் கோட்டு மேலதான் வெட்டினேன். நூல் பிசகல."

தையல்காரி தரையில் கிடந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். அதில் இரண்டு கோடுகள் இருந்தன. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, நடுவில் அச்சடித்தாற்போல ஒரு இன்ச். எந்த நாளும் எந்தத் துணியிலும் அவள் போடும் அதே இரண்டு கோடுகள்.

"ஒரு இன்ச் விட்டுப் போடுங்கன்னு சொன்னேனே அக்கா," என்றார் டிங்கர்.

"விட்டுத்தானே போட்டேன்."

"எதுக்கு விட்டீங்க?"

"தையலுக்கு."

டிங்கர் கண்ணாடியை நெற்றிமேல் தள்ளிக்கொண்டு அவளைப் பார்த்தார். "தையலுக்கா? நான் டயருக்கு இடம் விடச் சொன்னேன், நீங்க அந்த இடத்துலயே தகரத்த விட்டுட்டீங்க!"

"அந்த இடத்த நான் முன்னாடியே விட்டுட்டேனே! அதுக்கு மேலயும் ஒரு இன்ச் விடுன்னா, தையலுக்குத்தானே?"

"அக்கா, தகரத்தத் தைக்கப் போறீங்களா?" கேட்டுவிட்டு அவரால் அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

தையல்காரியும் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்கும் அந்தச் சிரிப்பு இன்றைக்குப் பார்த்துக் காணாமல் போயிருந்தது. ஏனென்றால் அண்ணி சிரிக்கவில்லை. 'டர்ரு' என்றும் சொல்லவில்லை. வண்டியிலிருந்து இறங்கி, மூலையில் இருந்த பானையில் தண்ணீர் மொண்டு, மெதுவாகக் குடித்துக்கொண்டிருந்தாள். அந்த அகன்ற முதுகு கொஞ்சம் தளர்ந்து தெரிந்தது. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது தையல்காரிக்கு. இந்த மனுஷிக்கு மலை வேண்டும். இருபத்தோரு வருஷமாகத் தன் பெயரைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தவள், இந்த முதுகை இதுவரை ஒரு தடவையாவது சரியாகப் பார்த்திருக்கிறோமா என்று நினைத்தாள்.

"பரவால்ல டாக்டரம்மா," டிங்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இன்னும் ஒரு இன்ச் தானே, வெட்டி எறிஞ்சுடறேன்." மெஷினைத் தூக்கிக்கொண்டு மட்கார்டின் விளிம்பைத் தொட்டவர், அப்படியே நின்றார். விரலால் தட்டினார். தகடு 'டொய்ங்' என்று நடுங்கியது. முகம் மாறியது.

"என்னண்ணே?"

"விளிம்புல இருந்த மடிப்பு போயிடுச்சு. அதான் இத விறைப்பா வச்சிருந்தது. இப்பவே ஆடுது. இன்னும் வெட்டினா பிளேடு மாதிரி ஆயிடும். மலை மேல குலுங்கற குலுங்கல்ல ஒரு தடவ டயர்ல பட்டா, டயர் ரெண்டு துண்டு. வழக்கமா ஓரத்துல ஒரு கம்பி வச்சு வெல்டு பண்ணிடுவேன். ஆனா..." பட்டறையின் மூலையைக் காட்டினார். வெல்டிங் செட்டு இருக்க வேண்டிய இடத்தில் சதுரமாக ஒரு எண்ணெய்க் கறைதான் இருந்தது. "ரிப்பேருக்குப் போயிருக்கு. புதன்கிழமைதான் வரும்."

"புதன்கிழமை எனக்கு நாற்காலி வந்துடும்," என்றாள் அண்ணி. இப்போதும் சத்தம் போடவில்லை.

தையல்காரி விளிம்பில் விரலை ஓட்டினாள். கூராக இருந்தது. ஓரம் பிரிந்த துணி. ஓரம் பிரிந்த துணியை என்ன செய்வோம்? கேள்வி மனதில் எழுவதற்கு முன்பே பதில் அவள் கையில் இருந்தது. அதனால்தானே கை கேட்காமலே இரண்டாவது கோட்டைப் போட்டது.

"வெட்டாதீங்கண்ணே," என்றாள். "மடிச்சுடலாம்."

"என்ன மடிக்கறது?"

"நான் விட்ட ஒரு இன்ச்ச. உள்பக்கமா மடிச்சு ஒட்டத் தட்டினா, விளிம்பு என் உள்கோட்டுல வந்து நிக்கும். ரெட்டைத் தகடு. கூரும் இருக்காது, ஆட்டமும் இருக்காது."

டிங்கர் யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார். "நேர் விளிம்புன்னா மடிக்கலாம். இது வளைவு. மடிச்சா இழுத்துப் பிடிச்சுக்கும், எங்கயாவது கிழியும்."

"கைக்குழிய எப்படி மடிக்கறோம்? ரெண்டு விரல் இடம் விட்டு, ரெண்டு விரல் இடம் விட்டு, கோடு வரைக்கும் கத்தரி குடுப்போம். மடிக்கும்போது ஒவ்வொண்ணும் வாயத் திறந்துக்கிட்டு ஒக்காந்துடும்." அங்கே கிடந்த காகிதத்திலேயே கத்தரித்து மடித்துக் காட்டினாள். வளைவு சுருக்கமில்லாமல் படிந்தது.

டிங்கர் காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் தகரக் கத்தரியை எடுத்து அவளிடமே நீட்டினார். "நீங்களே குடுங்க. கத்தரி உங்க ஆயுதம். சுத்தியல் என் ஆயுதம்." கூடவே தன் கையுறையையும் கழற்றிக் கொடுத்தார்.

தகரக் கத்தரி கனம். முதல் வெட்டுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. மூன்றாவதில் பழகிவிட்டது. கோடு வரைக்கும், கோட்டைத் தாண்டாமல். பிறகு ஒவ்வொரு துண்டாக டிங்கர் குறட்டால் வளைத்தார். உள்பக்கம் ஒருவர் இரும்புக் கட்டையை அண்டக்கொடுத்துப் பிடித்தால்தான் வெளியிலிருந்து தட்ட முடியும். டிங்கரின் கை முழங்கை வரைக்கும்தான் உள்ளே போயிற்று.

"நகருங்க," என்றாள் அண்ணி. "மாட்டுக்குள்ள தோள் வரைக்கும் கைய விட்டவ நான். மட்கார்டு எந்த மூலைக்கு?"

சட்டையைச் சுருட்டிக்கொண்டு தரையில் சாய்ந்து, கையைச் சக்கரத்துக்கு மேலே முழுசாகத் தூக்கி, இரும்பைப் பிடித்தாள். தையல்காரி கத்தரி கொடுத்துக்கொண்டே முன்னால் போனாள். டிங்கர் தட்டிக்கொண்டே பின்னால் வந்தார். டொக், டொக், டொக். பாதி வளைவு போன பிறகு, சத்தத்தின் இடைவெளியில் தையல்காரி சொன்னாள்:

"அண்ணி. அன்னிக்கு அந்தக் கோட்டுக்கு நான் உங்கள அளவே எடுக்கல."

"தெரியும்."

தையல்காரியின் கத்தரி நின்றது. "தெரியுமா?"

"என்ன அளந்தா எனக்குத் தெரியாதா? நீ ஒரு நாள் கூட டேப்போட பக்கத்துல வரல."

"உங்க பழைய சட்டை ஒண்ண வச்சு அளந்தேன். புதுசா வந்த வீடு. கையத் தூக்குங்கன்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு..." இத்தனை வருஷம் அடியில் கிடந்த விஷயம், வெளியே எடுத்துப் பார்த்தால் இவ்வளவு சின்னதாக இருந்தது.

"அட," என்றாள் அண்ணி. முகம் மட்கார்டுக்குள் இருந்ததால் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "நான் என்ன நினைச்சேன் தெரியுமா? பெரிய தையல்காரி, பாத்த பார்வையிலயே அளந்துடுவா போல, நாம போய் 'அளவு எடுக்கலையா'ன்னு கேட்டா மரியாதையா இருக்காதுன்னு வாய மூடிக்கிட்டேன். நீ போட்டுப் பாருங்கன்னு ரெண்டு தடவ சொன்ன. 'போட்டுப் பாத்தேன், பிரமாதம்'னு சொன்னேன். ஆனா போட்டே பாக்கல."

"போட்டே பாக்கலையா!"

"எங்க நேரம்? மேடையிலதான் முதல்ல போட்டேன்."

தையல்காரி கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள். "இருபத்தோரு வருஷமா என்ன டர்ரு டர்ருன்னு... பாதி டர்ரு உங்களுது!"

"சரி, பாதி எடுத்துக்கறேன்."

"ரெண்டு பேரும் பாகம் பிரிச்சு முடிச்சுட்டீங்கன்னா," என்றார் டிங்கர், "நான் சுத்தியல ஓங்கிக்கிட்டே நிக்கறேன். கை வலிக்குது."

அண்ணியின் சிரிப்பு மட்கார்டுக்குள் எதிரொலித்தது. தகடே சிரிப்பது போலிருந்தது. தையல்காரிக்கும் இப்போது சிரிப்பு வந்தது. முன்கூட்டியே வரும் சிரிப்பு இல்லை இது. எல்லோரோடும் சேர்ந்து, கொஞ்சம் தாமதமாகவே வந்தது.

மதியம் மூன்று மணிக்கு மடிப்பு முடிந்தது. துருப் பிடிக்காமல் இருக்க விளிம்பு நெடுக டிங்கர் சிவப்பு பிரைமர் பூசினார். பச்சை வண்டிக்கு ஓரத்தில் சிவப்பு பைப்பிங் வைத்துத் தைத்த மாதிரி இருந்தது. விரலால் தட்டிப் பார்த்தார். 'டொய்ங்' இல்லை. 'டக்' என்றது.

பட்டறைக்குப் பின்னால் கட்டட மண் கொட்டிக் கிடந்த காலியிடத்தில் சோதனை. டயரில் மறுபடியும் சாக்குப்பொடி. தையல்காரி அண்ணிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். ஜீப் ஒரு சக்கரத்தை மண்மேட்டில் தூக்கி வைத்து, இன்னொன்றைப் பள்ளத்தில் இறக்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. மேடையில் கையைத் தூக்குகிற நிலை. தையல்காரி கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணி முழுசாக ஒடித்தாள். இந்தப் பக்கம். அந்தப் பக்கம்.

எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது.

"எங்க, டர் கேக்கலையே?" என்றாள் அண்ணி.

டிங்கர் குனிந்து மட்கார்டுக்குள் பார்த்தார். மடித்த விளிம்பில் ஒரு பொட்டு வெள்ளைகூட இல்லை. "தாராளமா இருக்கு. இன்னும் ரெண்டு கிலோ சதை போட்டாலும் தாங்கும்!"

திங்கட்கிழமை முழுக்கத் தையல்காரி ஒரே சட்டையின் காலரை மூன்று தடவை பிரித்துத் தைத்தாள். அண்ணி போன் செய்யவில்லை. மேலே சிக்னல் கிடையாது என்பது தெரிந்தும் போனை மெஷின் மேலேயே வைத்திருந்தாள். சாயங்காலம் வெயில் தகரச் சுவரில் சாயும் நேரத்துக்கு வாசலில் ஏதோ வந்து நின்றது. ஜீப்தான் என்று கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. கதவு, ஜன்னல், கூரை எல்லாம் ஒரே சேறு. உள்ளிருந்து இறங்கிய அண்ணி அதைவிட மோசம். பல்லும் கண்ணும்தான் வெள்ளை.

"பதினொரு கொட்டகை!" என்றாள். "பதினொண்ணும் முடிச்சாச்சு. போன தடவ மாட்டிக்கிட்ட இடத்துல நின்னு, டாட்டா காட்டிட்டு வந்தேன். ஒரு உரசல் இல்ல."

சத்தம் கேட்டு டிங்கர் வந்துவிட்டார். வந்தவர் சேற்றைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "டயர் வெளிய நீட்டிக்கிட்டு இருக்குல்ல, மட்கார்டையும் வெட்டிட்டோம். சேறு எல்லாம் மேலதான் வரும். இத யோசிக்கலையே நாம."

"ஜன்னல மூடிக்கலாமில்ல அண்ணி?"

"மூடினா வெந்து போயிடுவேன்." அண்ணி கடைக்குள் வந்தாள். தரையெல்லாம் சேற்றுத் தடம் பதிந்தது. அவள் பார்வை மாட்டியிருந்த சட்டைகளின் மேல் ஒரு சுற்று சுற்றி வந்தது. "வண்டிக்கு ஒரு பாவாடை தைச்சுக் குடு. ரப்பர் ஷீட்ல. அந்தச் சிவப்பு விளிம்புலேருந்து தொங்கற மாதிரி. முடியுமா?"

"முடியும். அளவெடுக்கணும்."

"அப்படியே எனக்கும் ஒரு மழைக் கோட்டு." இதைச் சொல்லும்போது அண்ணி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, யாரும் கேட்காமலே, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள். காய்ந்த சேறு பொலபொலவென்று உதிர்ந்தது. "எடு. போட்டும் பாப்பேன், கவலப்படாத."

தையல்காரி கழுத்திலிருந்து டேப்பை உருவினாள். அந்த அகன்ற முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து முன்னால் சேர்த்துப் பிடித்தாள். முதல் முறையாக. எண்ணைச் சத்தமாகச் சொல்ல வாயெடுத்தாள், டேப்பிலும் சேறு ஒட்டி எண் மறைந்திருந்தது. கட்டைவிரலால் துடைத்துப் படித்தாள்.

"லூஸா இருக்கணும்," என்றாள் அண்ணி. "ரெண்டு இன்ச் விட்டே போடு."

தையல்காரி பென்சிலை எடுத்து எழுதப் போனவள், நிறுத்தினாள். வாசலில் நின்ற டிங்கரைப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே சிரிக்க ஆரம்பித்திருந்தார்.

"எதுக்கு விடணும்னு முதல்ல சொல்லுங்க அண்ணி," என்றாள். "உங்களுக்கா, தையலுக்கா?"